ஏரியில் நீர் எடுப்போர் பலர். தூர் வாருவோர் யார்?

வீட்டுக் கதவின் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்புகிறோம். வழக்கமாக உடனே திறக்கும் பூட்டு ஒரு நாள் அரை வினாடி தாமதித்துத் திறக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனிப்போம்? கவனித்தாலும், “கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும் போலிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவோம்.

2024 மார்ச் மாதத்தில் ஒருவர் அப்படிப் போகவில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வசிக்கும் அவர் பெயர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட். மைக்ரோசாப்ட் கம்பெனியில் என்ஜினீயர். தகவல்களைச் சேமித்து வைக்கும் ‘போஸ்ட்கிரஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கிவரும் குழுவிலும் ஒருவர். தம் கம்ப்யூட்டரில் வேகச் சோதனை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கமாகச் சுமார் 0.3 வினாடி ஆகிறது என்றால், இப்போது 0.8 வினாடி ஆவதைக் கண்டார். கூடுதல் தாமதம் அரை வினாடிதான். ஆனால் காரணம் என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு போனவர், கடைசியில் ஒரு கள்ளக் கதவின் முன் போய் நின்றார்.

மார்ச் 29-ந் தேதி அவர் அதை உலகுக்கு அறிவித்தார். லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான வழி ஒன்று, எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மென்பொருளின் பெயர் ‘எக்ஸ்-இசட்’. பெரிய கோப்புகளை அமுக்கிச் சிறிதாக்குவதுதான் அதன் வேலை. அதை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. யாரும் விற்பதும் இல்லை. பின்லாந்து நாட்டில் லாஸ்ஸே காலின் என்ற ஒருவர் தம் ஓய்வு நேரத்தில், சம்பளம் ஏதுமின்றிப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்த பொருள் அது.

மென்பொருள் தொழிலை நம்பிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆகவே இந்தச் சம்பவத்தை எங்கோ நடந்த செய்தி என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகள் அன்றாடம் வேலை செய்வதே இத்தகைய இலவச மென்பொருள்களின் மேல்தான்.

செய்முறையும் சேர்த்துத் தரும் சமையல்

‘ஓப்பன் சோர்ஸ்’ என்று ஆங்கிலத்திலும் ‘திறமூல மென்பொருள்’ என்று தமிழிலும் சொல்லப்படுவது என்ன? ஓட்டலில் சாம்பார் வாங்கிச் சாப்பிடலாம்; அதன் செய்முறையைக் கேட்டால் தர மாட்டார்கள். விலைக்கு விற்கப்படும் பெரும்பாலான மென்பொருள்களும் இப்படித்தான். திறமூல மென்பொருளிலோ, சாம்பாரோடு செய்முறையும் கையில் கிடைக்கிறது. அதைப் படித்துப் பார்க்கலாம். நம் ருசிக்குப் புளியைக் கூட்டலாம், குறைக்கலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமைகளை அதனுடன் வரும் லைசென்ஸ் எழுத்து மூலமாகவே வழங்குகிறது.

இந்த இயக்கம் பிறந்ததற்கு ஒரு பிரிண்டரும் காரணம். 1980-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் பணியாற்றிவந்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரே தகவல் சொல்லும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். பின்னர் வந்த புதிய பிரிண்டரின் மென்பொருளுக்கு மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து நபரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் தைத்தது. 1983-ல் ‘குனூ’ என்ற திட்டத்தை அவர் அறிவித்தார். 1985-ல் அதற்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவரும் ஓர் இயக்கு தளம் பற்றி மற்றவர்களுக்குத் தெரிவித்தார். அதுவே ‘லினக்ஸ்’. முன்பின் பார்த்திராத பலர் உலகின் நான்கு மூலைகளிலிருந்தும் கைகொடுக்க, அது வளர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் என்று பட்டியலிடப்படுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இதன் பணமதிப்பு என்ன? ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருள்களை மறுபடி ஒரே ஒரு முறை எழுதி முடிக்க 415 கோடி டாலர் செலவாகும். ஆனால் பயன்படுத்தும் கம்பெனி ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர்! அந்தப் பயனில் மிகப் பெரும் பங்கைத் தந்திருப்பவர்கள், எழுதியோர் அனைவரிலும் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது, உலகம் முழுவதற்கும் வேண்டிய சுமையை ஒரு சிறு கூட்டம் தூக்குகிறது.

களைத்துப்போன காவல்காரர்

பின்லாந்து நண்பரின் கதைக்கு வருவோம். 2021-ல் ‘ஜியா டான்’ என்ற பெயருடைய ஒருவர் எக்ஸ்-இசட் திட்டத்துக்குச் சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். எல்லாம் உருப்படியான வேலை. 2022-ல் வேறு சில புதுப் பெயர்கள் முளைத்தன. “திருத்தங்களைச் சேர்க்க இவ்வளவு தாமதமா? முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படையுங்களேன்” என்ற தோரணையில் அவர்கள் லாஸ்ஸே காலினை நெருக்கத் தொடங்கினார்கள்.

அவர் கோபிக்கவில்லை. தமக்கு நெடுநாளாக மனநலச் சிரமங்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் பகிரங்கமாகவே எடுத்துச் சொன்னார். கேட்பவர் நெஞ்சில் ஈரமிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். நெருக்கடியோ தொடர்ந்தது. கடைசியில், உதவிக்கு வந்த ஒரே நபரான ஜியா டானுக்குப் படிப்படியாகப் பொறுப்பும் உரிமையும் போய்ச் சேர்ந்தன. 2023-ல் புதிய பதிப்புகளை வெளியிடும் அளவுக்கு அவர் உயர்ந்துவிட்டார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில்தான் கள்ளக் கதவு வைக்கப்பட்டது. அதை வைத்த விதமும் தந்திரமானது. எல்லோர் பார்வைக்கும் இருந்த மூல நிரலில் அது முழுமையாகத் தென்படாது. சோதனைக்கென்று வைக்கும் கோப்புகளுக்குள் விஷத்தை மறைத்து, அதைத் தூண்டிவிடும் சிறு வரிகளை வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் சேர்த்திருந்தார்கள். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் ‘எஸ்.எஸ்.எச்.’ என்ற வாசலை அது குறிவைத்தது. ரகசியச் சாவி ஒன்றை வைத்திருப்பவர் மட்டும், யார் அனுமதியும் இன்றி உள்ளே புகுந்து ஆணையிடலாம்.

நல்லவேளையாக, அந்தப் பதிப்புகள் சோதனை நிலையிலிருந்த லினக்ஸ் வெளியீடுகளைத்தான் எட்டியிருந்தன. வங்கிகளும் அலுவலகங்களும் பயன்படுத்தும் நிலையான வெளியீடுகளுக்குள் இன்னும் போகவில்லை. ஏப்ரலில் வரவிருந்த ‘உபுண்டு’ வெளியீட்டின் சோதனைப் பதிப்பு இதனால் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. பிராய்ண்ட் அந்த அரை வினாடியைப் பொருட்படுத்தாமல் இருந்திருந்தால்? நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது தனி மனிதரா, ஒரு கூட்டமா என்பது பகிரங்கமாக நிரூபிக்கப்படவில்லை.

இந்தச் சதிக்குப் பலியாகும்படி லாஸ்ஸே காலின் செய்த பிழை என்ன? தனியாக நின்றார், களைத்துப்போனார், கை நீட்டியவரை நம்பினார். இதைப் பிழை என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவருடைய உழைப்பின் பலனை அனுபவித்த பெரிய பெரிய கம்பெனிகள், அந்த வேலையில் அவருக்குத் துணையாக ஓர் ஆளைக் கொடுத்திருந்தால் ஜியா டானுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

பத்து ஆண்டுகளுக்கு முன்பே மணி அடித்தது

இந்த எச்சரிக்கை புதிதன்று. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற கோளாறு அம்பலமானது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் பிறர் படிக்காதபடி பூட்டி அனுப்பும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகத்து வர்த்தகமே நம்பியிருந்த அந்த மென்பொருளை முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர்! அதற்கு ஆண்டுக்குக் கிடைத்துவந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

விஷயம் வெளிவந்த பிறகே பெரிய கம்பெனிகள் விழித்துக்கொண்டன. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் உள்ளிட்டவை ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்தன. லினக்ஸ் பவுண்டேஷன் அதை நிர்வகித்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லுக்கு வெளிச்சம் கிடைத்தபோது, எக்ஸ்-இசட் போன்ற நூற்றுக்கணக்கான சிறு மென்பொருள்கள் இருட்டிலேயே இருந்துவிட்டன.

ஏரியின் பாடம்

நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேறு வடிவில் அறிந்திருந்தார்கள். ஊர் ஏரி எல்லோருக்கும் பொது. தண்ணீர் எடுக்க யாரும் விலை தருவதில்லை. ஆனால் தூர் வாரவும் கரையைக் கட்டவும் குடும்பத்துக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று குடிமராமத்து வழக்கம் இருந்தது. நீர் இலவசம், ஏரியைக் காப்பது இலவசமன்று. அந்த வழக்கம் நலிந்த ஊர்களில் ஏரிகளும் நலிந்தன.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மென்பொருள் கம்பெனிகள் சூழ்ந்திருக்கும் நம் பெல்லந்தூர் ஏரி கழிவுநீரால் நிறைந்து, நுரை பொங்கி, 2018 ஜனவரியில் தீயே பற்றி எரிந்ததை நாம் பார்த்தோம். பொதுச் சொத்தைப் பயன்படுத்த ஆள் இருந்து, பராமரிக்க ஆள் இல்லாமற்போனால் நேர்வது இதுதான்.

நம் நாடும் இந்த ஏரியில் தாராளமாகவே நீர் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆதார் அமைப்பு பெருமளவுக்குத் திறமூலக் கருவிகளைக் கொண்டே கட்டப்பட்டது. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் கொள்கை வகுத்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள். சென்னையிலுள்ள சி-டாக் மையம், இந்திய மொழிகளில் இயங்கும் ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியது.

திரும்பக் கொடுக்கும் வழக்கமும் இல்லாமலில்லை. நம் பெங்களூரிலேயே, சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-ல் ‘மோசிப்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. குடிமக்களுக்கு அடையாள எண் வழங்க விரும்பும் எந்த நாடும் இலவசமாக எடுத்துக்கொள்ளத்தக்க திறமூல மென்பொருள் அது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா ஆகிய நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. பங்கு வர்த்தகத்தில் ஈடுபட்டுள்ள பெங்களூர்க் கம்பெனியான ஜெரோதா, உலகெங்குமுள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வழங்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. இது போன்ற இன்னும் பத்துக் கம்பெனிகள் இந்த ஊரிலிருந்து முன்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சட்டைக்காக வந்த கூட்டம்

“பணம் கொடுக்கக் கம்பெனிகள் இருக்கட்டும், என் போன்றவர் என்ன செய்ய முடியும்?” என்று வாசகர்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் உதவி என்ற பெயரில் உபத்திரவம் செய்துவிடக் கூடாது. அதற்கும் ஒரு கதை உண்டு.

திறமூலப் பணிக்கு ஆட்களை ஈர்ப்பதற்காக, அமெரிக்கக் கம்பெனியான டிஜிட்டல் ஓஷன் ஒவ்வோர் அக்டோபரிலும் ஓர் இயக்கம் நடத்திவந்தது. 2020-ல் நான்கு திருத்தங்களை அனுப்புவோரில் முதல் 70,000 பேருக்கு ஒரு சட்டை பரிசு என்று அறிவித்தார்கள். எளிதாகச் சட்டை பெறுவது எப்படி என்ற விளக்கப் படங்கள் பரவின. நம் நாட்டு மாணவர்கள் உட்படப் பல்லாயிரம் பேர், ஏற்கெனவே சரியாக இருந்த விளக்கக் குறிப்புகளில் ஓர் அடைமொழியைச் செருகுவது, ஒரு வரியை இடம் மாற்றுவது என்று ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து நிராகரிக்க வேண்டிய வேலை, ஏற்கெனவே களைத்திருந்த பராமரிப்பாளர்கள் தலையில் விழுந்தது. தொடங்கிய சில நாள்களிலேயே விதியை மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிக்க நேர்ந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவின் புண்ணியத்தில் இந்தத் தொல்லை வேறு உருவம் எடுத்திருக்கிறது. ‘கர்ல்’ என்ற மென்பொருளை 1990-களிலிருந்து பராமரித்துவரும் ஸ்வீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத ஓட்டைகளை இருப்பதுபோல் எழுதி அனுப்பும் இயந்திரப் புகார்கள் தம் குழுவின் நேரத்தை விழுங்குவதாகப் பலமுறை முறையிட்டிருக்கிறார். எழுத ஒரு நிமிடம். பொய் என்று கண்டுபிடிக்க அரை நாள்!

எங்கே தொடங்குவது?

முதலாவது, தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் குறைநிறை நமக்குத் தெரிந்திருக்கும். கோளாறு கண்டால் தெளிவாக எழுதி அனுப்பலாம். எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பிராய்ண்ட் எழுதிய அறிவிப்பே இதற்கு முன்மாதிரி: அளந்த நேரங்களைத் தந்தார், தமக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொன்னார்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பு எழுதுவது. நன்றாக எழுதப்பட்ட மென்பொருள்கள் பல, அவற்றை நிறுவும் விதம் புரியாமலே கைவிடப்படுகின்றன. நாம் திண்டாடிய இடத்தில் அடுத்தவர் திண்டாடாதபடி நான்கு வரி எழுதிக் கொடுப்பதும் தொண்டுதான்.

மூன்றாவது, தமிழாக்கம். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பே வேண்டாம். லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் முதலியவை தமிழில் கிடைப்பது ஆர்வலர்களின் உழைப்பால்தான். அவற்றில் வரும் சொற்களைச் சீர்தூக்கிப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் மிகவும் தேவை. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும் ‘டெசராக்ட்’ என்ற மென்பொருளும் திறமூலமே. பழைய நூல்களைக் காக்க நினைப்போர் அதைப் பயன்படுத்தி, அது தவறாகப் படிக்கும் இடங்களைத் தெரிவித்தால் மொழிக்கே பயன்.

நான்காவதுதான் நிரல் எழுதுவது. அதிலும் பெரிய மாற்றங்களோடு முதல் நாளே போய் நிற்க வேண்டியதில்லை. மற்றவர் அனுப்பிய திருத்தத்தை நம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது அல்லது இல்லை என்று சொன்னாலே பராமரிப்பாளருக்குப் பாதிச் சுமை குறையும். கம்பெனியில் வேலை செய்வோர் ஒன்றை மறக்கலாகாது: நாம் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்பதை வேலை ஒப்பந்தம் நிர்ணயிக்கக்கூடும். மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுவது புத்திசாலித்தனம்.

இவை எல்லாவற்றையும்விட எளிய ஒன்றும் உண்டு. பொறுமை. காசு வாங்காமல் வேலை செய்பவரிடம், காசு கொடுத்தவன்போல் அதட்டிக் கேட்காமலிருப்பது. எக்ஸ்-இசட் விவகாரத்தில் சதிகாரர்கள் பயன்படுத்திய முதல் ஆயுதம் அந்த அதட்டல்தான். அது செல்லுபடியானதற்குக் காரணம், அத்தகைய அதட்டலை அந்த உலகம் சகஜமாக எடுத்துக்கொள்ளப் பழகியிருந்ததே.

கள்ளக் கதவு அகற்றப்பட்டது. லாஸ்ஸே காலின் ஓடிப்போகவில்லை. தம் பொறுப்பை மறுபடி ஏற்று, சேர்க்கப்பட்ட விஷத்தை நீக்கி, 2024 மே மாத இறுதியில் தூய பதிப்புகளை வெளியிட்டார். உலகம் மீண்டும் அவர் தோள்மீது ஏறி உட்கார்ந்துகொண்டது. அவருக்கு இம்முறை துணை நிற்பவர்கள் யார் என்பதே கேள்வி. இன்று மாலை அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் நம் பிள்ளைகளில் ஒருவரேனும், “நான் பயன்படுத்தும் மென்பொருளை யார் பராமரிக்கிறார்? அவருக்கு நான் என்ன செய்யலாம்?” என்று தேடிப் பார்த்தால், தூர் வார ஓர் ஆள் கூடிவிட்டார் என்று பொருள்.